யாரும் அழுத்தாத சிவப்பு பட்டன்

போன வாரம் தேவகி போன் பண்ணினாள். நான் கடைசியாக வேலை பார்த்த சென்னைக் கம்பெனியில் எனக்குப் பின்னால் சேர்ந்த பெண். ஓய்வில் இருப்பவளை நலம் விசாரிக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷத்தில் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, இனிமே பேக்-எண்ட் ஆளு, ஃப்ரண்ட்-எண்ட் ஆளுன்னு பிரிவே கிடையாதாம். எல்லாரும் ரெண்டும் செய்யணுமாம். நான் இத்தன வருஷம் டேட்டாபேஸ் பக்கமே உக்காந்துட்டு இருந்தவ. பட்டன், கலர், பொட்டி இதெல்லாம் நான் எவ்ளோ கத்துக்கணும்? நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுடி" என்றேன்.

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள். தன்னடக்கமாவது மண்ணாவது! என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் என் வாயைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே தெரியாது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் என்று ஒரு காலத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். திருத்தணியில் நடந்த ஒரு விஷயம் அதைக் குழப்பிவிட்டது. இன்றுவரை தெளியவில்லை. தேவகிக்குப் போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓர் இணையதளத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் முன்பக்கம். எழுத்து, படம், அழுத்துகிற பட்டன் எல்லாம் அதில் சேர்த்தி. நீங்கள் பட்டனை அழுத்தியதும் அந்தச் சேதியை வாங்கி, சரிபார்த்து, எடுத்து வைத்து, கேட்கும்போது திருப்பிக் கொடுப்பது பின்பக்கம். நான் பின்பக்கத்து ஆள். அதில் எனக்கு ஒரு திமிரும் இருந்தது. முன்பக்கம் என்பது கோலம் போடுகிற வேலை, பின்பக்கம்தான் வீடு கட்டுகிற வேலை என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகை. கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பட்டப்படிப்பு முடித்துச் சென்னையில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்தேன். தொண்ணூறுகள் முழுக்க ஒரு லாரி பார்சல் ஆபீசில் ஃபாக்ஸ்ப்ரோவில் புரோகிராம் எழுதினேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மூட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டால் சேலத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். அங்கே முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. அப்புறம் இன்டர்நெட் வந்தது. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் என்று பின்பக்கத்துப் பாஷைகளை ராத்திரி வகுப்பில் கற்றுக்கொண்டேன். அப்பாவுக்குக் கை கால் இழுத்துக்கொண்டபோது சில வருஷம் சென்னையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். திருத்தணியில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று மலைத்துப் போயிருந்தபோது கொடுத்தவர் முனிரத்தினம் சார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைக்குப் போகிற சாலையில், காவடிச் சாமான் விற்கிற கடைக்கு மேல் மாடியில், அவர் திருமணத் தகவல் மையம் நடத்திவந்தார். தமிழும் தெலுங்கும் கலந்து வாழ்கிற இந்தச் சுற்றுப்பக்கம் முழுக்க அவருக்கு வாடிக்கை. ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, சோளிங்கர், அந்தப் பக்கம் நகரி, புத்தூர். எங்கே கல்யாண வயசில் பையன், எங்கே படித்த பெண் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அதையெல்லாம் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

நான் சேர்ந்த அன்றே கீழ்க்கடைக்காரர் கிண்டலை ஆரம்பித்தார். "கல்யாணமே பண்ணிக்காத பொண்ணு ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வெக்க வந்துகீது!" எனக்கு அப்போது நாற்பது நெருக்கம். "உங்களுக்கு ரெண்டாவது ஒண்ணு பாக்கட்டுமா? உங்க வூட்டம்மாவக் கேட்டுச் சொல்லுங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் வாய் கொடுக்கவில்லை.

முனிரத்தினம் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் எதையும் நேராகக் கேட்க மாட்டார். யாரையும் கடிந்து பேசவும் மாட்டார். நான் ஒரு வேலையை முடிக்காமல் இழுத்தால் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சாப்ட்டியாம்மா?" என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "சாப்ட்டியாம்மா?" மூன்றாவது தடவையும் அதையே கேட்டால் மனுஷர் கொதித்துப்போயிருக்கிறார் என்று அர்த்தம். நான் அலறியடித்துக்கொண்டு வேலையை முடிப்பேன்.

அவருடைய முறையைக் கற்றுக்கொள்ள முதல் வாரம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சுவரோரம் மரத்தட்டு. அதில் வரிசையாகப் பெண்கள், பையன்கள் போட்டோ. பெரும்பாலானவை நம்மைப் பார்த்திருக்கும். சில மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஏன் என்று கேட்டேன்.

"அதுங்களுக்குப் பேச்சு நடந்துகினு இருக்குதும்மா. ஒரு பொண்ண ஒரே சமயத்துல ரெண்டு வூட்டுக்குக் காட்டக் கூடாது. அப்புறம் யார் மூஞ்சில முழிக்கறது?"

"எப்ப சார் மறுபடி திருப்பி வெப்பீங்க?"

"பேச்சு முடிஞ்சதும்."

இது போதாதா ஒரு பின்பக்கத்து ஆளுக்கு! அழகாக எழுதினேன். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் பேச்சு தொடங்கினால் டேபிள் என்கிற பட்டியலில் ஒரு பதிவு. பதில் வரவில்லை என்றால் பூஜ்யம். சம்மதம் என்றால் ஒன்று. வேண்டாம் என்றால் இரண்டு. பூஜ்யமாக இருக்கிறவரை அந்தப் பெண்ணும் பையனும் வேறு யார் தேடினாலும் தெரியக் கூடாது. இரண்டு வந்தால் மறுபடி தெரியலாம். மரத்தட்டில் அவர் கையால் செய்ததை நான் கம்ப்யூட்டரில் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

முன்பக்கத்தைச் சென்னையில் சதீஷ் என்ற பையன் செய்தான். நல்ல பையன்தான், ஆனால் கலர் பைத்தியம். பச்சையில் 'சம்மதம்' என்று ஒரு பட்டன், சிவப்பில் 'வேண்டாம்' என்று ஒரு பட்டன். பேச்சு நடக்கிற இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் அவரவர் பக்கத்தில் இந்த இரண்டும் தெரியும். செய்து முடித்துவிட்டு எனக்குப் போன் பண்ணினான்.

"மேடம், பேஜ் எப்டி வந்திருக்குன்னு ஒரு தடவ பாருங்களேன்."

"நான் எதுக்குப்பா பாக்கணும்? என் டேபிள நீ பாக்கறியா? உன் வேலைய நீ பாரு."

இப்படித்தான் பேசினேன். எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

இணையதளம் ஓட ஆரம்பித்தது. கிராமத்து ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்க அப்போது ஏது கம்ப்யூட்டர்? மாடிக்கு வருவார்கள். முன்கூடத்தில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டிருந்தோம். அப்பா, அம்மா, சித்தப்பா என்று நாற்காலியைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். நான் உள்ளறையில் இருப்பேன். வாராவாரம் புது ஆட்கள் பதிவு செய்தார்கள், கூட்டத்துக்குக் குறைவில்லை. சில கல்யாணங்களும் கூடிவந்தன. மரத்தட்டை எடுத்துவிட்டு அங்கே முருகன் படம் மாட்டினார் முனிரத்தினம் சார்.

அம்மையார்குப்பம் துரைசாமி அப்போதுதான் வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் மகள் கலாவதி பி.காம். முடித்துவிட்டு ஒரு நூல் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பதிவு செய்த சூட்டோடு ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு பையன் வீட்டார் இணையதளத்தில் பார்த்து விருப்பம் சொன்னார்கள். பெண் பார்த்துவிட்டும் போனார்கள். அதோடு சரி.

துரைசாமி ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலையேறி சாமி கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய திருநீறோடு நேராக எங்கள் மாடிக்கு வருவார்.

"நம்ம பொண்ண யாருனா கேட்டாங்களா சார்?"

"இன்னும் இல்லீங்க. வரும்."

அடுத்த கிருத்திகைக்கும் அதே கேள்வி, அதே பதில். ஒரு நாள் அவர் உட்காரக்கூட இல்லை. "எத்தினி கிருத்திக போச்சி! ஒருத்தர்கூடக் கேக்கலன்னா எம்பொண்ணு மூஞ்சில இன்னா எழுதி ஒட்டிகீதா சார்? கருப்பா? படிக்கலியா? சொல்லுங்க, எனக்கே குழப்பமா கீது" என்றார்.

அவர் போனதும் முனிரத்தினம் சார் என்னிடம் வந்தார். பார்த்தேன். கலாவதி பெயர் இருந்தது, நட்சத்திரம் இருந்தது, போட்டோ இருந்தது. அவள் விவரம் இருக்கிறதா என்பதுதான் என்னிடம் கேட்ட கேள்வி. இருக்கிறது என்றேன். "பின்பக்கம் சரியா இருக்கு சார். காட்டறது முன்பக்கத்து வேல, சதீஷக் கேளுங்க."

அவனைக் கேட்டார். "பின்னாலேர்ந்து வந்தா நான் காட்டுவேன் சார். வரலியே" என்றான் அவன். மறுபடி என்னிடம் வந்தார். நான் மறுபடி அவனிடம் அனுப்பினேன். மனுஷர் இரண்டு பக்கமும் போன் பிடித்துக்கொண்டு அலைந்தார்.

இதற்குள் துரைசாமிக்குப் பொறுமை போய்விட்டது. உறவுக்காரர் ஒருவர் மூலமாக நகரியில் ஓர் இடம் வந்தது. மனைவி இறந்துபோன மனுஷன், இரண்டு பிள்ளைகள், கலாவதியைவிட ரொம்ப மூத்தவன். ஒருத்தரும் சீந்தாத பெண்ணுக்கு இதுவாவது வந்ததே என்று துரைசாமி ஒத்துக்கொண்டுவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்கிறார்கள் என்று தகவல் வந்தது.

அன்று முனிரத்தினம் சார் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "சாப்ட்டியாம்மா?" என்றார். பத்து நிமிஷத்தில் மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. "நாளைக்கி உள்ள உக்காராத. முன்னால வந்து உக்காரு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வரவேற்பில் உட்கார வைக்கிறாரே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மறுநாள் முன்கூடத்தில் உட்கார்ந்தேன். நான் எழுதிய இணையதளத்தின் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, சதீஷ் அழகாகத்தான் செய்திருந்தான்.

பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். பையனுக்கு ஒரு பெண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பிடிக்கவில்லை. இன்னொரு இடம் தேட வந்திருந்தார்கள். பழைய பெண்ணின் பக்கம் திறந்திருந்தது. பச்சையும் சிவப்பும் பளிச்சென்று தெரிந்தன. புருஷன் மவுஸைச் சிவப்புப் பக்கம் நகர்த்தினார். அந்த அம்மா வெடுக்கென்று அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னாய்யா பண்ற நீ? சிவப்புல கை வெக்காத! ஒரு பொண்ணப் பாத்துட்டு வேணாம்னு சொல்லுவியா? நம்ம வூட்லயும் ரெண்டு கீது."

"பின்ன இன்னா பண்றது?"

"மூடிட்டு வா. அவங்களா புரிஞ்சிக்குவாங்க."

மூடிவிட்டார்கள். வேறு சில பெண்களின் விவரத்தைக் குறித்துக்கொண்டார்கள். "வரோம்மா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கினார்கள்.

இந்த ஊரில் யார்தான் ஒரு பெண்ணை வேண்டாம் என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள்? என்னையும் பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, கரும்பு நல்லா விளைஞ்சிருக்கு என்று அப்பாவிடம் பேசிவிட்டுப் போனவர்கள். ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அம்மா கொஞ்ச நாள் வாசலைப் பார்ப்பாள், அப்புறம் பார்க்க மாட்டாள், அதுதான் பதில். இது எனக்குத் தெரியாதா? என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்படியிருந்தும் பதில் வருகிறவரை காத்திரு என்று ஒரு புரோகிராமை எழுதி வைத்திருக்கிறேனே, எந்தப் புத்தியோடு எழுதினேன்? அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. கூடவே யார் மேல் என்று தெரியாத ஒரு கோபமும் வந்தது.

உள்ளறைக்கு ஓடினேன். பேச்சு நடக்கிற பதிவுகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அடேயப்பா! அங்கங்கே ஒரு ஒன்று, மற்றபடி முழுக்கப் பூஜ்யம். இரண்டு என்பது ஓர் இடத்தில்கூட இல்லை. பெண் பார்த்துவிட்டு வந்து பேசாமல் இருந்துவிட்ட ஒவ்வொரு வீட்டாலும் ஒரு பெண் எங்கள் இணையதளத்திலிருந்து காணாமல் போயிருந்தாள். பையன்களும்தான். வாராவாரம் புதுசாக ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்ததால் எங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை. கலாவதியை யாரும் ஒதுக்கவில்லை. ஆர்.கே.பேட்டைக்காரர்கள் வந்து போனதற்கு அப்புறம் அவளை ஓர் ஆள்கூடப் பார்க்கவே இல்லை.

முனிரத்தினம் சாரிடம் சொன்னேன்.

"சார், தட்டுல இருந்தப்ப பேச்சு முடிஞ்சதுன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"நான் போவேன்மா அவங்க வூட்டுக்கு. சும்மா, காபி சாப்டப் போறாப்போல. பொண்ணப் பத்திப் பேசினாங்கன்னா பேச்சு இருக்குதுன்னு அர்த்தம். மழையப் பத்தி, வெலவாசியப் பத்திப் பேசினாங்கன்னா முடிஞ்சிது. வந்து போட்டோவத் திருப்பி வெச்சிடுவேன்."

"இத நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"இத்த எப்டிம்மா சொல்லுவேன்? இது ஒரு வேலன்னே எனக்குத் தெரியாதே. கம்ப்யூட்டர் வந்ததும் காபிக்குப் போறத நிறுத்திட்டேன்."

நான் உடனே ஒரு வழி சொன்னேன். இரண்டு மாசம் பதில் வராவிட்டால் பேச்சு முடிந்தது என்று புரோகிராமே மூடிவிடட்டும். அவர் தலையாட்டவில்லை. "அவங்க சொல்லாதத்த மிஷின் சொல்லலாமா?" என்றார். சதீஷுக்குப் போன் போட்டேன். அந்தச் சிவப்பை இளம் மஞ்சளாக மாற்றிவிடலாம் மேடம் என்றான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் முனிரத்தினம் சார் அம்மையார்குப்பத்துக்கு ஆள் அனுப்பினார். பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். துரைசாமியும் கலாவதியும் வந்தார்கள். அவளை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒல்லியாக, நிமிர்ந்து உட்காருகிற பெண். நடந்ததை என்னால் முடிந்தமட்டும் விளக்கினேன்.

துரைசாமிக்குப் பிடிபடவில்லை. "அப்ப எம்பொண்ண யாரும் வேணாம்னு சொல்லலியா?"

"யாரும் பாக்கவே இல்லீங்க."

"ஆர்.கே.பேட்டைக்காரங்க?"

"அவங்களும் எதுவும் சொல்லலீங்க."

கலாவதி வாயைத் திறந்தாள். "யாருமே எதுவும் சொல்லலன்னா, நான் இன்னாத்துக்கு நைனா நகரிக்குப் போறேன்?"

"வாக்குக் குடுத்துட்டேன்மா" என்றார் துரைசாமி. அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் எழுந்துபோய் வெளியே படிக்கட்டோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எங்க பேஜ்லயும் அந்தச் சிவப்பு இருக்குதாக்கா?"

"இருக்குமா."

"நான் அழுத்தலாமா?"

பெண் வீட்டார் அதை அழுத்துவது என்பது நான் கனவிலும் நினைக்காத விஷயம். முனிரத்தினம் சார் டீ வந்துவிட்டதா என்று பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். ஆர்.கே.பேட்டைக்காரர்களோடு பேச்சு நடப்பதாகக் காட்டிய அவளுடைய பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அழுத்தினாள்.

திரை ஒரு தரம் வெளுத்துத் திரும்ப வந்தது. 'பேச்சு நடக்கிறது' என்றே காட்டியது. இன்னொரு தரம் அழுத்தினாள். அதேதான்.

"ஏன்கா, நானே சொன்னாக்கூட எடுத்துக்காதா இது?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. தொடக்க நாளன்று கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்துப் பச்சையை அழுத்திச் சோதித்தோம். எல்லாரும் கைதட்டினார்கள். சிவப்பையும் பார்த்துவிடலாம் என்று, சென்னையிலிருந்து வந்திருந்த சதீஷ் மவுஸைப் பிடித்தபோது, "முதல் நாளே அந்த வார்த்தையெல்லாம் எதுக்குப்பா" என்று முனிரத்தினம் சார் தடுத்துவிட்டார். அதுவும் சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன். என் பங்குக்கு டேபிளிலேயே நேராக இரண்டு என்று போட்டுப் பார்த்துச் சரியென்று முடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அதுவரை அந்தப் பட்டனை அழுத்திய முதல் கை இவளுடையது.

"இரும்மா, நானே பின்னாலேர்ந்து மாத்திடறேன், ஒரு வரிதான்" என்றேன்.

"நீங்க போடாதீங்கக்கா. நான்தான் சொல்லணும்."

சதீஷுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவன் எழுதிய பக்கத்தை நானே திறந்தேன். என் வேலைக்காலத்தில் முன்பக்கத்து எழுத்தை வரிவரியாகப் படித்தது அதுதான் முதல் தடவை. எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கலாவதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக அந்த இடம் அகப்பட்டது. பச்சையை அழுத்தினால் ஒன்று வரும்படி எழுதியிருந்தான். சிவப்பை அழுத்தினால் பூஜ்யம் வரும்படி எழுதியிருந்தான்.

அவனுக்குப் பூஜ்யம் என்றால் வேண்டாம். எனக்குப் பூஜ்யம் என்றால் இன்னும் பதில் வரவில்லை. அவள் சொன்ன 'வேண்டாம்' என்னிடம் வந்து சேரும்போது 'ஒன்றும் சொல்லவில்லை' என்று ஆகியிருந்தது. யார் எழுதியது தப்பு? அவனைக் கேட்டால் அவன் பக்கம் சரி. என்னைக் கேட்டால் என் பக்கம் சரி. தேவகி, இதில் யாருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று நீதான் சொல்லேன். என் பக்கத்தில் ஒரு வரி மாற்றினாலும் தீர்ந்திருக்கும், அவன் பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினாலும் தீர்ந்திருக்கும். நான் அவன் பக்கத்தை மாற்றினேன். எனக்குச் சுத்தமாகப் பழக்கமில்லாத பக்கத்தில் ஏன் கை வைத்தேன் என்று இன்றைக்கு யோசித்தாலும் தெரியவில்லை.

அப்போதெல்லாம் டெலிபோன் வழியாகத்தான் இன்டர்நெட். மாற்றியதை ஏற்றுவதற்குள் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. டீ வந்து ஆறிப்போனது. "இப்ப அழுத்தலாமாக்கா?" என்று அவளும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏறிவிட்டது என்றதும் மவுஸைப் பிடித்தாள். இந்தத் தரம் அவசரப்படவில்லை. பட்டன் மேலிருந்த எழுத்தை ஒருமுறை படித்துவிட்டு அழுத்தினாள்.

'பேச்சு முடிந்தது' என்று வந்தது.

உள்ளே போய் டேபிளைப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேராக இரண்டு விழுந்திருந்தது. நான் திரும்பி வருவதற்குள் அவள் எழுந்து நின்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ஒரு தபா சொல்லிட்டேன்கா. இப்ப வாய்ல வருது" என்றாள்.

நேராக வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன். முனிரத்தினம் சார் டீ டம்ளரோடு படியில் நின்றுவிட்டார்.

"நைனா, நகரி வேணாம்."

துரைசாமி அவள் முகத்தைப் பார்த்தார். அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார். "உங்க கம்ப்யூட்டர் இன்னா மேடம் சொல்லுது?" என்றார்.

"கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லலீங்க. உங்க பொண்ணுதான் சொல்லுது."

அவர் குனிந்து பெஞ்சுக்கு அடியில் கிடந்த செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். நேரம் எடுத்துக்கொண்டுதான் மாட்டினார். அப்புறம் எழுந்தார்.

"நீ அம்மையார்குப்பம் பஸ்ஸப் புடிச்சி வூட்டுக்குப் போம்மா. பூவு, பழம்லாம் அவங்க வாங்கறதுக்குள்ள நான் நகரிக்குப் போயி சொல்லிட்டு வந்துடறேன்."

"இன்னான்னு சொல்லுவ நைனா?"

"வேணாம்னுதான். வேற இன்னா சொல்றது" என்றார் துரைசாமி.